பழைய கறுப்பு தையல் மெஷினை மறுபடி தைக்கவைப்பது: முழுமையான வழிகாட்டி

பரணிலிருந்து தையல் மெஷினை இறக்கியதும் கறுப்பு பெயிண்ட் வாங்க ஓடுகிறவர்களுக்கு இந்த வழிகாட்டி பயன்படாது. பல ஆண்டுகள் சும்மா கிடந்த மெஷின் ஓடாததற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: உள்ளே இறுகிப்போன பழைய எண்ணெய், துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் அடைத்துக்கொண்ட பஞ்சு. பாகம் உடைந்திருப்பது அரிது. எனவே முதலில் தைக்கவைப்போம். பளபளப்பு பிறகு வரட்டும், அதுவும் கொஞ்சமாக.

சிங்கர் 15 வகை மெஷினையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். ஐசக் மெரிட் சிங்கர் தன் காப்புரிமையைப் பெற்றது 1851 ஆகஸ்டில். இந்த 15 வகை வந்தது அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து. பிறகு ஜப்பானியரும் இந்தியரும் அதே அமைப்பில் மெஷின்கள் செய்தார்கள். 1930களில் கல்கத்தாவில் ஜெய் இன்ஜினியரிங் ஒர்க்ஸ் தொடங்கிய உஷா முதல், இன்று நம் ஊர் டெய்லர் கடைகளில் ஓடும் கறுப்பு மெஷின்கள் வரை பெரும்பாலானவை அந்த வம்சம்தான். இதனால் நமக்கு ஒரு பெரிய லாபம் உண்டு. நூறு வயது சிங்கருக்கும் பாபின் (அடிநூல் சுற்றிய சிறு உருளை), அது உட்காரும் பாபின் கேஸ், ஊசி, ஊசி நூலைப் பிடித்து அடிநூலோடு கோக்கும் ஷட்டில் எல்லாம் கடைத்தெருவில் இன்றும் கிடைக்கின்றன. வேறு எந்தப் பழைய எந்திரத்துக்கும் இந்தக் கொடுப்பினை இருப்பதாகத் தெரியவில்லை.

இடையில் ஒரு செய்தி. எந்திரங்களுக்கு எதிரி என்று பெயரெடுத்த காந்தி, 1924-இல் ஜி. ராமச்சந்திரனோடு பேசும்போது சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்கு அளித்தார். மனிதன் கண்டுபிடித்த பயனுள்ள பொருள்கள் சிலவற்றில் அதுவும் ஒன்று என்பது அவர் கருத்து. அந்த மெஷினைச் செய்யவே ஒரு தொழிற்சாலை வேண்டுமே என்று ராமச்சந்திரன் விடவில்லை. அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் நாட்டுடைமையாக இருக்கட்டும் என்றார் காந்தி. மடக்கிக் கேட்ட அந்த இளைஞர்தான் பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமம் உருவாகக் காரணமானவர்.

வாங்கும் முன், அல்லது கைவைக்கும் முன்

முதலில் எண்ணைப் பாருங்கள். சிங்கராக இருந்தால் அடித்தட்டின் வலது ஓரத்தில் வரிசை எண் பொறித்திருக்கும். எண்ணுக்கு முன்னால் ஆங்கில எழுத்து இல்லையென்றால் அது 1900-க்கு முந்தியது. இரண்டு எழுத்துகள் இருந்து முதல் எழுத்து 'இ' (E) என்றால் ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் தொழிற்சாலையில் பிறந்தது. மாடல் எண்ணுடன் 'கே' (K) சேர்ந்து 15கே என்று வந்தாலும் அதே ஊர்தான். அந்தத் தொழிற்சாலை 1980-இல் மூடப்பட்டுவிட்டது.

அடுத்து, கைச்சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். சக்கரத்தின் மேல்பகுதி உங்களை நோக்கி வரவேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் உள்ளே மிச்சமிருக்கும் நூல் ஷட்டிலில் சிக்கிக்கொள்ளும். சக்கரம் அசையவே இல்லை என்றாலும் கலங்க வேண்டாம். இறுகிய எண்ணெய் இளகும். கவலைப்பட வேண்டியவை வேறு:

- வார்ப்பிரும்பு உடலில் விரிசல், குறிப்பாகக் கழுத்துப் பகுதியிலும் கீல் பொருந்தும் இடத்திலும்.
- ஊசித் தண்டைப் பிடித்து ஆட்டும்போது பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும் ஆட்டம்.
- ஷட்டில் ஓடும் வளையத்தில் குழி விழுமளவு துரு.

பாபின் கேஸ் இல்லை, அதை மூடும் சறுக்குத் தகடு இல்லை, பெல்ட் அறுந்திருக்கிறது என்பவை விலையைக் குறைத்துப் பேசத்தான் உதவும். வேண்டாம் என்று விட்டுவிட அவை காரணமாகாது. அதேபோல், பழைய சிங்கருக்குள் சிவப்பு பாதரசம் இருக்கிறது, லட்சக்கணக்கில் போகும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வாருங்கள். 2009-இல் சவுதி அரேபியாவில் இந்த வதந்தி கிளம்பி பழைய மெஷின்களின் விலை தாறுமாறாக ஏறியது. உள்ளே இருப்பது இரும்பும் எண்ணெயும்தான்.

தேவையான பொருள்கள்

திருகின் பள்ளத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூடிரைவர்கள் இரண்டு மூன்று அளவுகளில் வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது. ஒல்லியான முனையை அகலப் பள்ளத்தில் வைத்துத் திருப்பினால் திருகின் தலை சிதையும். பிறகு அந்தத் திருகைக் கழற்றுவதே தனி வேலையாகிவிடும். இவற்றோடு பழைய பல் துலக்கும் பிரஷ், சிறு பெயிண்ட் பிரஷ், இடுக்கி, பழைய பருத்தி வேட்டித் துணி, மண்ணெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய். கழற்றும் திருகுகளைப் போட்டுவைக்க ஒரு பழைய இட்லித் தட்டு: ஒவ்வொரு பகுதியின் திருகும் ஒவ்வொரு குழியில். எதைக் கழற்றும் முன்பும் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் என்றால் தையல் மெஷினுக்கென்றே விற்கும் நிறமற்ற, மெல்லிய எண்ணெய் மட்டும். நம் வீடுகளில் மெஷின்கள் இறுகிப்போனதற்கு முதல் குற்றவாளி தேங்காய் எண்ணெய். அவசரத்துக்கு யாரோ ஒருமுறை விட்டிருப்பார்கள். தாவர எண்ணெய் காற்றுப் பட்டால் நாளடைவில் பிசினாகி, பிறகு அரக்காக இறுகும். கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் அப்படியே. மோட்டார் வண்டி எண்ணெய் இறுகாது என்றாலும் இதற்கு மிகவும் தடிமன்.

முதல் வேலை: இளகவைப்பது

மண்ணெண்ணெயோடு செய்யும் வேலை என்பதால் சமையலறையில் வேண்டாம். பூஜை விளக்குக்கும் பக்கத்தில் வேண்டாம். மொட்டை மாடியோ முற்றமோ சரி. நனைந்த துணிகளைச் சுருட்டிக் குவித்துவைக்காமல் விரித்துக் காயவிடுங்கள்.

ஊசியை எடுத்துவிடுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தையும் கழற்றுங்கள். இடது முனையில் இருக்கும் முகத் தகட்டை அகற்றினால் ஊசித் தண்டும், பாதத்தின் தண்டும், ஏறி இறங்கி மேல்நூலை இழுக்கும் டேக்-அப் லிவரின் மூட்டும் தெரியும். மெஷினைக் கீலில் பின்பக்கம் சாய்த்தால் அடிப்பக்கத் தண்டுகள் தெரியும். பின்புறம் ஒரு வட்ட மூடி இருக்கும். அதைத் தள்ளித் திறந்தால் உள்ளே பெரிய இணைப்புத் தண்டு.

இப்போது எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும், இரும்பும் இரும்பும் உரசும் இடங்கள் அனைத்திலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விடுங்கள். சிங்கர் நிறுவனமே தன் பழைய கையேடுகளில், நெடுநாள் ஓடாத மெஷினுக்கு இதைத்தான் சொன்னது: மண்ணெண்ணெய் விடு, ஓட்டு, துடை, பிறகு எண்ணெய் இடு. ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் மதியம் மெஷினின் தலையை வெயிலில் வைத்து இரும்பைச் சூடேற்றுங்கள். நம் ஊர் சித்திரை வெயிலுக்கு முன் ஹேர் டிரையர் எந்த மூலை? சூடு இருக்கும்போதே கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் நூலளவு அசைத்துப் பாருங்கள். நூல் எதுவும் சிக்கியிருக்கவில்லை என்று உறுதியான பிறகே இந்த முன்பின் அசைவு. ஒரு நாளில் இளகாவிட்டால் மறுபடி விட்டு, மறுபடி காத்திருங்கள். சுத்தியலுக்கும், சக்கரத்தில் கம்பி கோத்து நெம்புவதற்கும் இங்கே இடமில்லை. வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

எல்லாம் இளகியும் ஓட்டம் கனமாக இருந்தால், கைச்சக்கரத்தின் அச்சைச் சுற்றி நூல் சுற்றிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தின் நடுவில் உள்ள குமிழில் ஒரு குட்டித் திருகு இருக்கும். அதைத் தளர்த்திக் குமிழைக் கழற்றினால், உள்ளே மூன்று காதுகள் கொண்ட ஒரு வாஷர். அது எந்தப் பக்கமாக இருந்தது என்று படம் எடுத்துக்கொண்டு சக்கரத்தை உருவுங்கள். பழைய நூலை இடுக்கியால் எடுங்கள். திரும்பப் பூட்டிய பிறகு, குமிழைத் தளர்த்தினாலும் ஊசி அசைகிறது அல்லது இறுக்கினாலும் சக்கரம் மட்டும் சும்மா சுற்றுகிறது என்றால், வாஷரை அரைச்சுற்று திருப்பிப் போடுங்கள். மெக்கானிக்கை அழைக்கவைக்கும் 'பெரிய கோளாறு' பல நேரங்களில் இவ்வளவுதான்.

பல்லும் ஷட்டிலும்

ஊசித் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றித் தூக்கினால் துணியை நகர்த்தும் பற்கள் தெரியும். பற்களின் இடுக்குகளில் பஞ்சும் எண்ணெயும் சேர்ந்து கெட்டித்துப்போன அடுக்கு ஒன்று இருக்கும். அதைச் சிறு குச்சியால் நெம்பி, முழுத் துண்டாக எடுக்கலாம். அது போகாதவரை துணி ஒழுங்காக நகராது.

பிறகு சறுக்குத் தகட்டைத் திறந்து பாபின் கேஸை எடுங்கள். அதன் பின்னால் ஷட்டிலைப் பிடித்திருக்கும் வளையம். சிலவற்றில் திருகு, சிலவற்றில் திருப்பினால் விடும் தாழ்ப்பாள். கழற்றினால் பிறைவடிவ ஷட்டில் கையில் வந்துவிடும். அது உட்காரும் பள்ளத்தை மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து எடுங்கள். ஷட்டிலின் கூர்முனையை ஒரு பஞ்சுத் துணுக்கால் தடவிப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் அங்கே பிசிர் இருக்கிறது. மிக நைசான, 1000-க்கு மேற்பட்ட எண்ணுள்ள உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். கூர்முனையையே மழுக்கிவிடாதீர்கள். பிசிர் பெரிதாக இருந்தால் புது ஷட்டில் வாங்கிவிடலாம். துருப்பிடித்த பாபின் கேஸைக் காப்பாற்ற நினைப்பது வீண், புதிது வாங்குங்கள். ஆனால் பழையதைக் கடைக்கு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள்.

எண்ணெய் இடுதல்

இடத்துக்கு ஒரு சொட்டு. அதிகமானால் அது துணியில்தான் இறங்கும். மேற்புறத் துளைகள், ஊசித் தண்டு, பாதத் தண்டு, டேக்-அப் லிவரின் மூட்டு, பின்புற வட்ட மூடிக்குள், அடியில் கூம்புத் திருகுகள் தாங்கும் ஒவ்வொரு முனை, ஷட்டில் ஓடும் பள்ளம். விடக்கூடாத இடங்கள் பெல்ட்டும், மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் வட்டுகளும். எண்ணெய் இட்டதும் பாதத்தைத் தூக்கிவைத்து, நூல் கோக்காமல் சில நிமிடங்கள் ஓட்டுங்கள். கரிய சாறு வழியும். துடைத்துவிட்டு மறுபடி ஒரு சுற்று எண்ணெய். சாறு வழிவது நின்றால் உள்ளே சுத்தமாகிவிட்டது என்று அர்த்தம். இந்த ஒரு வேலையை மட்டும் பொறுமையாகச் செய்தால் பாதி மெஷின்கள் தாமே தைக்கத் தொடங்கிவிடும்.

வெளிப்பூச்சு

பழைய சிங்கரின் கறுப்பு சாதாரண பெயிண்ட் அல்ல. சூளையில் சுட்டு ஏற்றிய ஜப்பான் பூச்சு. அதன்மேல் தங்க நிறச் சித்திரங்கள், அவற்றுக்கும் மேல் அரக்கு வார்னிஷ். ஸ்பிரிட், தின்னர், கண்ணாடி துடைக்கும் திரவம் எதுவும் அருகில் வரக்கூடாது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும்; கரையும்போது தங்கச் சித்திரத்தையும் சேர்த்துக்கொண்டு போகும். சோப்புத் தண்ணீரும் வேண்டாம்.

நம் மெஷின்களுக்கு இன்னொரு பிரச்சினை ஆயுத பூஜை. ஆண்டாண்டாக வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து பூச்சோடு ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் தேய்த்தால் சித்திரமும் உரியும். அங்கே தையல் மெஷின் எண்ணெயைப் பஞ்சில் தோய்த்து ஒற்றி வைத்து, ஊறிய பிறகு மெல்லத் துடையுங்கள். உடல் முழுவதையும் இதே எண்ணெயால் துடைக்கலாம். நிக்கல் பாகங்களுக்கு மட்டும் உலோக பாலிஷ்.

மறுபூச்சு பற்றிக் கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். தெளிப்பு பெயிண்ட் அடித்து, புது ஸ்டிக்கர் ஒட்டி விற்கப்படும் 'பழங்கால' மெஷின்களில் எண்ணெய்த் துளைகள் அடைபட்டும், தண்டுகளில் பெயிண்ட் ஏறியும் இருப்பதைக் காணலாம். தேய்ந்துபோன தங்கம் அந்த மெஷின் உழைத்ததற்கான கணக்கு. அதை ஏன் அழிக்க வேண்டும்?

மிதியும் பெல்ட்டும்

மெஷினை விட அதிகம் புறக்கணிக்கப்படுவது கீழே உள்ள ஸ்டாண்ட். மிதியின் இரு முனைத் தாங்கிகள், பெரிய சக்கரத்தின் அச்சு, இரண்டையும் இணைக்கும் தடியின் மேல்முனை, கீழ்முனை ஆகியவற்றுக்கும் மண்ணெண்ணெய், பிறகு எண்ணெய். பெல்ட்டைக் கழற்றிவிட்டு மிதியை ஒருமுறை அழுத்தி விடுங்கள். பெரிய சக்கரம் சத்தமில்லாமல் சில சுற்றுகள் தானே சுற்ற வேண்டும். 'டக் டக்' என்றால் இணைப்புத் தடியின் முனை தளர்ந்திருக்கிறது.

பெல்ட் உருண்டைத் தோல், ஐந்து மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமன், ஏறக்குறைய ஆறு அடி நீளத்துக்கு விற்பார்கள். இரு சக்கரத்தையும் சுற்றி அளந்து வெட்டி, முனைகளில் துளையிட்டுக் கம்பிக் கொக்கியால் இணையுங்கள். வழுக்காத அளவுக்கு இறுக்கம் போதும். முறுக்கேற்றிக் கட்டினால் கால்தான் வலிக்கும். புதுத் தோல் சில வாரங்களில் நீளும். அப்போது சிறிது வெட்டிக்கொள்ளலாம்.

மிதிக்கப் பழகாதவர்கள் நூலும் ஊசியும் இல்லாமல் தொடங்குங்கள். வலது கால் சற்று முன்னே, இடது கால் சற்றுப் பின்னே. கைச்சக்கரத்தை உங்களை நோக்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, கால்கள் அந்த வேகத்தைத் தொடரட்டும். சக்கரம் பின்னால் ஓடாமல் தொடங்கவும் நிறுத்தவும் வந்துவிட்டால், ஊசியை மட்டும் மாட்டிக் கோடு போட்ட நோட்டுத் தாளில் ஓட்டிப் பாருங்கள். பிறகு அந்த ஊசியைத் துணிக்குப் பயன்படுத்த வேண்டாம். தாள் அதன் கூர்முனையை மழுக்கியிருக்கும்.

மோட்டார் மாட்டிய மெஷின் என்றால், ஒயரின் ரப்பர் உறை விண்டுபோயிருக்கிறதா என்று பாருங்கள். விண்டிருந்தால் எலக்ட்ரீஷியன் ஒயரை மாற்றும் வரை பிளக்கில் செருகவே கூடாது. உடல் முழுதும் இரும்பு என்பதை நினைவில் வையுங்கள்.

ஊசி, நூல், டென்ஷன்

ஒருபக்கம் தட்டையான வீட்டு மெஷின் ஊசியே இதற்குப் பொருந்தும். பவர் மெஷினின் முழு உருண்டை ஊசி பொருந்தாது. மெல்லிய வாயில் துணிக்கு 11, சாதாரண பருத்திக்கு 14, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. ஊசியை மேலே முட்டும்வரை தள்ளி இறுக்குங்கள். டென்ஷன் இடது முகத் தகட்டில் உள்ள 15 வகையில் தட்டைப் பக்கம் இடதுபுறம். நூல் வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும். வேறு மாடல் கையில் இருந்தால், ஊசிக்குச் சற்று மேலே உள்ள கடைசி நூல் கொக்கி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் ஊசியின் நீளப் பள்ளம். தட்டைப் பக்கம் அதற்கு எதிரே.

நூல் கோக்கும்போது பாதம் மேலே இருக்க வேண்டும். அப்போதுதான் டென்ஷன் வட்டுகள் திறந்து நூலை உள்ளே விடும். கட்டையிலிருந்து மேல் கொக்கி, கீழே வந்து வட்டுகளுக்கு நடுவே வலமிருந்து இடம், சின்னச் சுருள் கம்பி, மேலே டேக்-அப் லிவர், மறுபடி கீழே கொக்கிகள், ஊசி. வட்டுகளுக்கிடையே பழைய நூல் துணுக்கு இருந்தால் எந்த டென்ஷனும் நிற்காது. மண்ணெண்ணெய் தொட்ட துணிப் பட்டையை உள்ளே விட்டு இழுத்துத் துடைத்து, உலரவிடுங்கள்.

பாபின் கேஸில் பாபினைப் போட்டு நூலைப் பிளவில் நுழைத்துச் சுருள் தகட்டுக்கு அடியே கொண்டுவாருங்கள். திறந்த பக்கம் உங்களைப் பார்க்க, நூலை இழுத்தால் பாபின் கடிகாரத் திசையில் சுற்ற வேண்டும். நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். தானே சரிந்து கீழே போனால் தளர்வு. லேசாக உதறியும் இறங்காவிட்டால் இறுக்கம். சிறு திருகை அரைக்கால் சுற்று மட்டும் திருப்பிப் பாருங்கள். கேஸை உள்ளே தள்ளும்போது 'டக்' என்று உட்கார வேண்டும். இல்லையென்றால் முதல் தையலிலேயே ஊசி முறியும்.

மேலே சிவப்பு, கீழே நீலம் என்று இரண்டு நிற நூல் போட்டு, இரட்டை மடிப்புத் துணியில் தைத்துப் பாருங்கள். துணியின் மேற்புறம் நீலப் புள்ளிகள் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம். அடியில் சிவப்பு கண்ணி கண்ணியாகத் தொங்கினால் மேல் டென்ஷன் போதவில்லை, அல்லது நூல் வட்டுக்குள் போகவே இல்லை. அடியில் சிக்கல் என்றதும் பாபின் கேஸைக் கழற்றி ஆராய்வது நம் வழக்கம். கோளாறு இருப்பதோ மேலே. தொடங்கும்போது இரண்டு நூல் முனைகளையும் பின்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். முடிக்கும்போது டேக்-அப் லிவர் உச்சியில் நிற்கட்டும்.

தையல் நீளம் பல மாடல்களில் அங்குலத்துக்கு எத்தனை என்று 6 முதல் 30 வரை குறித்திருக்கும். பருத்திக்கு 10 முதல் 12 சரி. பின்தையல் லிவர் இல்லாத மெஷினில் துணியையே திருப்பிவைத்து முடிச்சுத் தையல் போட வேண்டியதுதான். ரவிக்கை, சேலை ஃபால், பாவாடை, ஜீன்ஸ் ஓரம், துணிப்பை எல்லாவற்றையும் இது சளைக்காமல் தைக்கும். இழுபடும் பனியன் துணிக்கு இது ஆகாது, நேர்த்தையல் அறுந்துவிடும்.

இன்னும் தைக்கவில்லையா?

தையல் விட்டுவிட்டு விழுந்தால் முதலில் புது ஊசி. அடுத்து, ஊசி திருப்பி மாட்டப்பட்டிருக்கிறதா என்று சோதனை. நூல் அறுந்துகொண்டே இருந்தால் ஊசித் தகட்டின் துளை ஓரத்தில் ஊசி பட்டுப் பட்டுப் பிசிர் எழுந்திருக்கலாம். நைஸ் உப்புத்தாளைத் திரியாக்கி உள்ளே விட்டுத் தேயுங்கள். துணி நகரவில்லை என்றால் பற்களில் பஞ்சு, பாதத்தின் அழுத்தம், தையல் நீளம் பூஜ்யத்தில் இருப்பது என்று வரிசையாகப் பாருங்கள்.

இவை எல்லாம் பார்த்த பிறகே டைமிங், அதாவது ஊசியும் ஷட்டிலும் சந்திக்கும் நேரம். ஊசி அடிமட்டத்துக்கு இறங்கி, இரண்டு இரண்டரை மில்லிமீட்டர் மேலே ஏறும்போது, ஷட்டிலின் கூர்முனை ஊசியின் தட்டைப் பக்கமாக, அதன் கண்ணுக்குச் சற்று மேலே வந்து நிற்க வேண்டும். முனை கண்ணுக்கு நேராகவோ கீழாகவோ வந்தால் ஊசித் தண்டு மேலே ஏறியிருக்கிறது. முகத் தகட்டுக்குள் தண்டைப் பிடிக்கும் திருகைத் தளர்த்தி, இருந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, மயிரிழை அளவு இறக்கி இறுக்குங்கள். ஷட்டிலை ஓட்டும் அடித்தண்டே திரும்பியிருந்தால் அது அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலை. அவரிடம் 'பெயிண்ட் வேண்டாம், டைமிங் மட்டும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஓடத் தொடங்கிய மெஷினுக்குத் தினமும் தைத்தால் அன்றாடம் ஒரு சுற்று எண்ணெய், எப்போதாவது தைத்தால் மாதம் ஒருமுறை. மழைக்காலத்திலும் கடலோர ஊர்களிலும் பிளாஸ்டிக் உறை போடாதீர்கள். ஈரம் உள்ளே தங்கி ஊசித் தண்டு துருப்பிடிக்கும். பருத்தித் துணியால் மூடி, பாதத்தின் கீழ் ஒரு துணித்துண்டு வைத்துவிடுங்கள். வழியும் எண்ணெயை அது உறிஞ்சிக்கொள்ளும்.